ஒரு ஆங்கில ஸ்லாங் சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி: ‘போஷ்’ வழியாக ஒரு பாடம்

‘போஷ்’ என்றால் பகட்டான, பணக்காரத்தனமான. போஷ் ஏரியா, போஷ் ஓட்டல் என்று தமிழிலும் கலந்து பேசுகிறோம். இந்தச் சொல்லுக்கு ஒரு கப்பல் கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறையைக் கேட்பார்களாம், திரும்பிப் போகும்போது வலப்பக்க அறையை. அந்தப் பக்கங்களில்தான் வெயில் குறைவு, அதனால் கட்டணமும் அதிகம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளை பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி அந்த டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துமாம். அந்த நான்கு எழுத்துகள்தான் போஷ் ஆனதாம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஹார்பரை நம்பிப் பிழைப்பவர்கள். மண்ணடி, தம்புச்செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டு என்று வேலை முடித்துவிட்டு நேராக வருவார்கள். கப்பல் கதை என்றால் அவர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். “மிஸ், இது நம்ம ஏரியா கதை மாதிரியே இருக்கே” என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொன்னான். அந்தச் சந்தோஷம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கதைக்கு ஆதாரம் இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்குக் காட்டிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு எந்த ஸ்லாங் சொல்லுக்கும் இதே வழிதான். ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

கதையைச் சோதிக்கத் தக்கதாக மாற்றுங்கள்

முதலில் கதையை ஒரு நோட்டில் எழுதி, அதிலிருந்து மூன்று விஷயங்களைப் பிரித்தெடுங்கள்: யார் பேசினார்கள், எங்கே, எந்தக் காலத்தில். போஷ் கதையில் பேசியவர்கள் இந்தியா வந்துபோன ஆங்கிலேயப் பயணிகள். இடம் கப்பல். காலம்? பி அண்ட் ஓ கம்பெனி 1842-இல் சூயஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பல் விடத் தொடங்கியது, அந்தக் கப்பல்கள் சென்னையிலும் நின்றன. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். ஆக, கதை உண்மையானால் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தியா போய்வந்தவர்களின் வாயிலும் கடிதங்களிலும் இந்தச் சொல் புழங்கியிருக்க வேண்டும். இப்போது இது வெறும் கதை இல்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்று.

வெயில் கணக்கையும் பார்த்துவிடலாம். மத்தியதரைக் கடலில் கப்பல் கிழக்கு நோக்கி வரும்போது இடப்பக்கம் வடக்கைப் பார்க்கும், வலப்பக்கம் தெற்கைப் பார்த்து வெயில் வாங்கும். செங்கடலில் தென்கிழக்காக இறங்கும்போது வலப்பக்கத்துக்கு மாலை வெயில் நேராக அடிக்கும். அரபிக்கடலில் மறுபடி கிழக்கு. திரும்பிப் போகும்போது எல்லாம் தலைகீழ். ஆக, கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு கதை பொருந்துகிறது என்றால் அது நடந்திருக்கலாம் என்று மட்டும்தான் பொருள். நடந்ததா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

தேதியைத் தேடுங்கள்

என் பெரியப்பா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை, பெட்டிகளை எண்ணிச் சீட்டில் குறிப்பது அவர் வேலை. பிறகு தகராறு வந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சரக்கு இறங்கும்போதே எழுதிய சீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் செல்லும். “அப்போ எழுதினதுக்குத்தான்மா மரியாதை, அப்புறம் ஞாபகப்படுத்திச் சொல்றதுக்கு இல்ல” என்பார். சொல் ஆராய்ச்சியும் அப்படியே. ஒரு சொல் புழங்கிய காலத்திலேயே, அதைப் பயன்படுத்தி எழுதப்பட்ட வாக்கியம் வேண்டும், தேதியோடு.

இதற்கு முதல் இடம் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. கையடக்கப் பதிப்பைச் சொல்லவில்லை. 1989-இல் 20 தொகுதிகளாக வந்ததே, அந்தப் பெரிய அகராதி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பழைய வாக்கியங்கள் ஆண்டு வாரியாக இருக்கும். இணையத்தில் முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்க் குறிப்புதவிப் பிரிவில் கேளுங்கள். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையில் இருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடித்தால் போதும்.

ஸ்லாங்குக்கு என்றே ஜோனதன் கிரீன் தொகுத்த அகராதி ஒன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதுதான் என் வகுப்பில் அதிகம் திறக்கப்படும் பக்கம். திருடர்கள், சிப்பாய்கள், மாலுமிகள், சந்தைக்காரர்கள் பேசிய பேச்சை நூல் நூலாக மேய்ந்து தொகுத்திருக்கிறார். சொற்களின் பிறப்பைச் சொல்லும், டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிமாலஜி தளம் சுருக்கமாகப் பார்க்க நல்லது. லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் பேசியதை எழுதிவைத்த பதிவுகள் என்பதால், அச்சுக்கு வராத தெருப்பேச்சு அங்கே சிக்கும். ஆஸ்திரேலியப் பழைய பத்திரிகைகளுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட், இரண்டும் இலவசம். கப்பலேறிப் போன ஆங்கிலேயர்களின் பேச்சு அந்த ஊர்ப் பத்திரிகைகளிலும் ஏறியிருக்கும், அதனால் அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கூகுள் புக்ஸில் தேடும்போது மட்டும் நிதானம் வேண்டும். மாத இதழ்களின் தொகுப்புக்குப் பல நேரம் முதல் தொகுதியின் ஆண்டையே தேதியாகப் போட்டிருப்பார்கள். 1870 என்று காட்டும், திறந்து பார்த்தால் உள்ளே 1925-ஆம் ஆண்டு இதழ். கணினி பழைய அச்சைத் தவறாகப் படிப்பதும் உண்டு: ‘புஷ்’ என்ற சொல் மங்கலாக அச்சாகியிருந்தால் ‘போஷ்’ என்று காட்டிவிடும். ஆகவே தேடல் முடிவின் வரியை நம்பாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள், பிறகு தலைப்புப் பக்கத்துக்குப் போய் ஆண்டைப் பாருங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒற்றைச் சொல்லாகத் தேடாமல் ‘போஷ் கிளோத்ஸ்’, ‘போஷ் டைம்’ என்று ஜோடியாகத் தேடினால் குப்பை குறையும்.

போஷ் விஷயத்தில் கிடைப்பவை

1830-இல் போஷ் என்பது லண்டன் திருட்டு உலகத்தின் பேச்சில் பணம் என்ற பொருளில் வருகிறது. குறிப்பாக அரைப்பென்னி போன்ற சில்லறை. 1890-இல் வந்த ஒரு ஸ்லாங் அகராதி, அலங்காரமாக உடுத்தித் திரியும் மைனர் ஆளைப் போஷ் என்கிறது. 1914-இல் பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றி இ. சார்லஸ் விவியன் எழுதிய நூலில், குதிரைப்படைச் சிப்பாய்கள் வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் போஷ் உடை அணிவதாக ஒரு வரி இருக்கிறது. ராணுவம் கொடுத்த உடுப்பு இல்லாமல் அதைவிட உசத்தியாகத் தாங்களே வாங்கிப் போடுவது போஷ் என்று அவரே விளக்கமும் தருகிறார். 1918 செப்டம்பரில் லண்டன் பஞ்ச் இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில் ஓர் இளம் அதிகாரி தன் அம்மாவிடம் ‘போஷாக’ப் பொழுது போனதாகச் சொல்கிறார்.

இந்த வரிசையை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். காசு, மைனர், சிப்பாயின் பகட்டான உடை, அப்புறம் பொதுவாகப் பகட்டு. எந்தப் படியிலும் கப்பல் இல்லை, அறை இல்லை, இந்தியப் பயணம் இல்லை.

இல்லாததும் சாட்சிதான், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் தேடியிருக்க வேண்டும். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் பேச்சைத் திரட்டிய பெரிய அகராதி ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்தது, 1886-இல் வெளிவந்தது, 1903-இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது. பர்னல் நம் சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸில் இருந்தவர். சமையல்கட்டுச் சொல் முதல் பட்டாளத்துச் சொல் வரை விடாமல் பிடித்த நூல் அது. இந்தியக் கப்பல் பயணிகள் எல்லோரும் போஷ் என்று பேசியிருந்தால் இவர்கள் காதில் விழாமல் போயிருக்காது. அதில் போஷ் இல்லை.

அடுத்து டிக்கெட். 1971 ஜனவரியில் ‘மரைனர்ஸ் மிர்ரர்’ என்ற கடல் வரலாற்று இதழில் ஜி. சௌதரே-பெஸ்ட் இந்தக் கதையை எடுத்து ஆராய்ந்து எழுதினார். அந்த நான்கெழுத்து முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றும் இதுவரை காட்டப்படவில்லை, பி அண்ட் ஓ ஆவணங்களிலும் அப்படி ஒரு வழக்கத்துக்குத் தடயம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. பலர் செய்யாமல் விடுவது இதைத்தான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சொல்லுக்குத் தேதி பார்த்தது போலவே கதைக்கும் தேதி பாருங்கள். போஷின் கப்பல் விளக்கம் அச்சில் தலைகாட்டுவது 1930-களில்தான். சொல் புழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, அதன் பிறப்பை நேரில் பார்த்தவர் போல ஒரு விளக்கம் வருகிறது. 1968-இல் ஒரு ஆங்கிலப் படப் பாட்டிலும் ஏறி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையான விளக்கம் என்றால் சொல்லோடு கூடவே வந்திருக்கும். சொல்லுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும் விளக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

முதலெழுத்துக் கதைகள்

ஒரு சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து விரிக்கும் விளக்கம் வந்தால் முதலில் நம்பாமல் தொடங்குங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அபூர்வம். இரண்டு உலகப் போர்களும் ராணுவச் சுருக்கப் பெயர்களும்தான் அதைப் பெருக்கின.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் கூடாது. ‘ஓகே’யைப் பாருங்கள். ஆல் கரெக்ட் என்பதை வேண்டுமென்றே ‘ஓல் கொரெக்ட்’ என்று தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்து உண்டான சொல் அது. கேட்டால் போஷ் கதையைவிட நம்ப முடியாததாக இருக்கும். இருந்தும் உண்மை இதுதான். 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அந்த இரண்டு எழுத்துகளும் விளக்கத்தோடு அச்சாகியிருக்கின்றன. அப்போது பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் இப்படிச் சுருக்கி விளையாடுவது ஒரு மோகமாக இருந்தது. 1840-இல் அமெரிக்கத் தேர்தலில் அப்போதைய அதிபர் வான் பியூரனின் ஆட்கள், அவர் ஊரான கிண்டர்ஹுக்கை வைத்து ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று அதே எழுத்துகளைக் கோஷமாக்கினார்கள், அதோடு ஓகே நிலைத்துவிட்டது. 1960-களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய பத்திரிகைகளைத் துழாவி இதை நிறுவினார். ஓகே பிழைத்ததும் போஷ் கதை விழுந்ததும் ஒரே சோதனையில்தான்.

பொருள் எப்படி நகர்ந்தது என்று கேளுங்கள்

தேதிகளை அடுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பொருளில் இருந்து அடுத்த பொருளுக்குச் சொல் எப்படிப் போயிற்று என்பது மீதி. அரைப்பென்னி என்ற சொல் எப்படி மைனர் ஆளுக்கும் பகட்டுக்கும் பெயராகும் என்று வகுப்பில் கேட்டார்கள். பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. துட்டு. வடசென்னையில் பிறந்து துட்டு என்று சொல்லாதவர் உண்டா? டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற சின்னச் செப்புக்காசில் இருந்து அது வந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். நமக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். மதிப்பே இல்லாத ஒரு செப்புக்காசின் பெயர், மொத்தப் பணத்துக்கும் பெயராகி, இன்று பணக்காரரைத் ‘துட்டு பார்ட்டி’ என்கிறோம். சில்லறை, பணம், பணக்காரன். போஷ் நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுதான்.

இந்த ஒப்புமை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பதிலும் கவனம் வேண்டும். மனிதர்கள் பொருளை இப்படி நகர்த்துவார்கள் என்று காட்டுகிறது, அவ்வளவே. லண்டனில் அப்படித்தான் நகர்ந்தது என்பதற்கு 1830, 1890, 1914 வாக்கியங்கள்தான் சாட்சி.

அரைப்பென்னிக்கு ஏன் போஷ் என்று பெயர் என்று இன்னும் ஒரு படி பின்னால் போனால், ரோமானி மொழியில் போஷ் என்றால் பாதி. ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கில் இருந்து கிளம்பிப் போனவர்கள், அவர்கள் மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் அவர்கள் பேச்சில் இருந்து தெருச் சந்தைப் பேச்சுக்குப் பல சொற்கள் வந்திருக்கின்றன, அதனால் அகராதிக்காரர்கள் இதைச் சாத்தியம் என்கிறார்கள். உறுதி என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் சாத்தியம் என்றே எழுதுங்கள். கப்பல் கதை வழியாக வராத இந்தியத் தொடர்பு இந்தப் பக்கமாக வரக்கூடும் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒலி ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ‘குஷி’ என்று நாம் சொல்கிற அதே சொல்லின் உறவுதான் ஆங்கிலத்தில் சுகமான வேலையைக் குறிக்கும் ‘குஷி’. இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்காரர்கள் உருதுவில் இருந்து எடுத்துப்போய் முதல் உலகப் போரில் பரப்பினார்கள். அதைக் குஷன், அதாவது மெத்தையில் இருந்து வந்ததாக நினைக்கும் ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் ‘கேஷ்’ என்பது காசுதான் என்று அடித்துச் சொல்வார்கள். அதில் பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருந்தன. ரொக்கம் என்ற பொருளில் உள்ளது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. கீழை நாடுகளின் சின்னக் காசைக் குறித்தது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. தமிழ்ப் பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். நமக்கு உரியது நமக்கு இருக்கிறது.

விடையை எழுதும் முறை

கிடைத்ததை நான்கைந்து வரியில் எழுதுங்கள். மிகப் பழைய வாக்கியம், அதன் ஆண்டு, எந்த நூல். பொருள் நகர்ந்த படிகள். பிரபலமான கதை எது, அது முதலில் எப்போது தோன்றியது. கடைசியில் உறுதி, சாத்தியம், ஆதாரம் இல்லை, இந்த மூன்றில் ஒன்று. கிடைத்த மிகப் பழைய தேதியைச் சொல்லின் பிறந்தநாள் என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்லாங் அச்சேறுவதற்கு முன் வாயில் பல காலம் புழங்கியிருக்கும். ‘இந்த ஆண்டுக்குள் வழக்கில் இருந்தது’ என்பதுதான் சரியான வாக்கியம்.

பழக்கத்துக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் ‘கஞ்சி ஹவுஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். நம் கஞ்சிதான். பட்டாளத்தில் தற்காலிக லாக்கப்புக்கு ஆங்கிலச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது, அடைபட்டவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு என்பதால். ஹாப்சன்-ஜாப்சனில் தனிப் பதிவாகவே இருக்கிறது, நூல் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். குடித்துவிட்டுப் பிடிபட்டவர்களைப் போதை தெளியும் வரை கஞ்சி ஹவுஸில் தனியாக வைக்கச் சொல்லும் 1835-ஆம் ஆண்டு ராணுவ ஆணையை அதில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். வட இந்தியாவில் இதே சொல், தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டிக்குப் பெயராகி, இந்தியில் இன்றும் ‘காஞ்சி ஹவுஸ்’ என்று வழங்குகிறது. தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக மாறும்: முதலெழுத்து சி-யாகவோ கே-யாகவோ இருக்கலாம், நடுவில் ஜி வரலாம், ஜே வரலாம், ஓ-வுக்குப் பதில் யூ வரலாம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சென்னை மாகாணப் பட்டாளங்களின் ஆணைத் தொகுப்புகள், சிப்பாய்களின் நினைவுக் குறிப்புகள், பழைய சென்னைப் பத்திரிகைகள் ஆகியவற்றில் தொடங்குங்கள். 1835-க்கு முந்தைய வாக்கியம் ஒன்று கிடைத்தால், பக்கத்தையும் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.